ஒரு வாளி மழைத்தண்ணீர்

ஈரத்தலை சொதக்கென்று விழும், அவ்வளவுதான்; முடிக்கு வேறு சத்தம் கிடையாது. அன்று காலை குளித்துவிட்டுத் துவட்டுவதற்காக மெரின் கூந்தலை முன்பக்கம் கவிழ்த்தபோது, அதன் நுனி கைகழுவும் பீங்கான் தொட்டியின் விளிம்பில் பட்டு ணங்கென்றது. கரண்டி தட்டியதுபோல.

குனிந்தபடியே நின்றாள். கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அழுகிய முட்டையும் சூடான இரும்பும் கலந்த அந்த வீட்டுக்கே உரிய நாற்றம் ஆவியோடு சேர்ந்து சுவரெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. பூமிக்கடியில் எங்கோ ஆழத்திலிருந்து கொதித்துக்கொண்டே மேலே வரும் போர் தண்ணீரின் நாற்றம். மெதுவாக ஒரு கொத்து முடியைப் பிடித்து வளைத்துப் பார்த்தாள். வளையவில்லை. ஒடிந்தது. உள்ளங்கையில் வெள்ளைப் பொடி.

என்ன சாபக்கேடு இது! அடிலெய்டில் அழகு நிலையத்தில் வருடக்கணக்காகக் கத்தரிக்கோல் பிடித்தவள் அவள். வடக்கே பாலைநிலப் பண்ணைகளிலிருந்து எப்போதாவது பட்டணம் வரும் பெண்களுக்கு அவள் சொல்லாத புத்திமதி இல்லை. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு முடியில் ஏடு ஏடாகப் படியும், ஷாம்பு நுரைக்காது, சீப்பு இறங்காது, கடைசியில் முடி ஒடிந்து உதிரும். வினிகரில் ஊறவிட்டுப் பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள் என்று வாய் ஓயாமல் சொல்வாள். அவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் டார்சி பாஸ்கோவைக் கட்டிக்கொண்டு இந்தக் காட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. வினிகர் எங்கும் கிடைக்கும். நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

தன் தலை போனால் போகிறது. ஐவியின் தலைதான் அவளை அரித்தது. ஏழு வயது மகள். அப்பனைப் போல வெளிர் மஞ்சள் முடி, பிறந்தபோது பஞ்சாக இருந்தது. இப்போது அது காய்ந்த தேங்காய் நாராகத் தோளில் நின்றது, காற்றடித்தாலும் அசையாமல். கழுத்து வலிக்கிறது என்று ராத்திரி முழுவதும் முனகியிருந்தாள்.

அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் இரண்டு குழாய். ஒன்று போர் தண்ணீர். குளிக்க, துவைக்க, மாட்டுக்கு. இன்னொன்று கூரையில் பெய்யும் மழையைப் பிடித்து வைக்கும் தகரத் தொட்டியின் குழாய். டீக்கு, குடிக்க, சனிக்கிழமை பெண்கள் தலைமுழுக. மூன்று வருடம் முன்பு மழை பொய்த்ததுமே சனிக்கிழமை முழுக்கு நின்றது. டார்சியின் அக்கா வெர்னா தொட்டிக் குழாய்க்குப் பூட்டுப் போட்டாள். சாவி அவள் மேலங்கிப் பையில். வாரம் ஒருமுறை தொட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, அடியில் இன்னும் கொஞ்சம்தான் என்று அறிவிப்பாள். வேறு யாரும் தொட்டிப் பக்கம் போகக்கூடாது.

காலைச் சாப்பாட்டு மேசையில் மெரின் வாய்விட்டே கேட்டாள்.

"ஒரே ஒரு வாளி, டார்சி. ஐவி தலைக்கு மட்டும்."

டார்சி ஆட்டுக்கறித் துண்டை மென்றபடி தலைதூக்காமல் சிரித்தான். "மாட்டுக்கே வழியில்ல, உனக்கு மழைத்தண்ணி கேக்குதா? எந்த மாடாவது வந்து எனக்குத் தலை அலசி விடுன்னு அழுதுச்சா?"

"அவ மாடு இல்ல. உன் பொண்ணு."

"என் பொண்ணுதான். இங்க பொறந்தவ, பழகிக்குவா. நீதான் பட்டணத்துத் தலையைத் தூக்கிட்டு வந்தவ."

வெர்னா கெட்டிலிலிருந்து டீ ஊற்றினாள். நிதானமான கை. "லினெட்டும் இப்படித்தான். எப்பப் பாரு தலை, தலை, தலை. கடைசியில என்ன ஆச்சு?"

லினெட் டார்சியின் முதல் மனைவி. செம்பட்டை முடிக்காரி, இடுப்பு வரை நீளம் என்று சொல்வார்கள். ஒரு கோடையில் தபால் வண்டியில் ஏறிப் போனவள் திரும்பவே இல்லை என்பதுதான் மெரினுக்குத் தெரிந்த கதை.

"நல்லவேளை ஞாபகப்படுத்தினீங்க," என்றாள் மெரின். "நாளைக்கு வர தபால் வண்டியில நானும் ஐவியும் அடிலெய்டு போறோம். மழை பெய்யட்டும், அப்புறம் பாக்கலாம்."

டார்சி அக்காவைப் பார்த்தான், மனைவியை அல்ல. இந்த வீட்டில் அவன் என்றைக்கு மனைவியைப் பார்த்தான்!

"நீ போறதுன்னா போ, கண்ணு," என்றாள் வெர்னா அன்பாகவே. "கொழந்தைய எதுக்கு இழுக்கறே?"

டார்சி வேலி பார்க்கக் கிளம்பிய பிறகு, மெரின் இருந்த வினிகரையெல்லாம் ஒரு அகன்ற பேசினில் ஊற்றி வராந்தாவில் வைத்து, ஐவியை நாற்காலியில் சாய்த்து, அவள் முடியைப் பின்பக்கமாக அதில் மூழ்கவிட்டாள். வினிகர் பொங்கியது. சோடா திறந்ததுபோல சீறிக்கொண்டு வெள்ளை நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது. சுண்ணாம்பு கரைகிறது, நல்லது, கரையட்டும் என்று நினைத்தாள். ஆனால் அந்தச் சீறல் அடங்கவில்லை. வெயில் வராந்தாவில் பாதி தூரம் நகர்ந்த பிறகும் நுரை வந்துகொண்டே இருந்தது. தெற்கே அடிவானத்தில் செம்மண் புழுதி சுவராக எழும்பி நின்றது. கூரைத் தகரம் அந்த முதல் காற்றுக்கே கடகடக்கத் தொடங்கியிருந்தது.

"அம்மா, போதும்மா. அவங்களுக்கு எரியுதாம்."

"யாருக்குடா?"

"குளிக்கும்போது பேசுவாங்களே. குழாய்ல. அவங்களுக்கு."

குழந்தை ஏதோ உளறுகிறது. மெரின் நுரையை விலக்கி முடியைக் கையில் எடுத்தாள். வெள்ளை ஏடு ஒன்று வழுக்கிக்கொண்டு கழன்றது. அதற்கு உள்ளே மஞ்சள் இல்லை. சிவப்பு. மெல்லிய, பளபளப்பான செம்பட்டை இழைகள், ஐவியின் முடியோடு ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னி, வேர்வரை ஏறியிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். நீளமாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஐவி வலியில் கத்திய பிறகுதான் விட்டாள்.

உள்ளே ஓடித் தன் பழைய கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். வெட்டிவிடலாம். மொட்டையடித்தாலும் பரவாயில்லை, நாளைக்கு வண்டி ஏறினால் போதும். ஒரு கொத்தில் வைத்து அழுத்தினாள். நெரிந்தது கத்தரிக்கோல். நல்ல எஃகு, அதன் வாயில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

"அட, வெட்டப் பாத்தியா?"

கதவருகில் வெர்னா. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. அவள் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பாவம், கொழந்த மொகம் வாடிப் போச்சு. உள்ள படுக்கவை, புழுதி வருது. நான் போயி கோழியெல்லாம் அடச்சிட்டு வரேன்."

கோழிக்கூடு வீட்டுக்குப் பின்னால் நல்ல தூரம். வெர்னா மேலங்கியைக் கழற்றிச் சமையலறை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். அதை அவள் கழற்றி மெரின் பார்த்ததே இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்! ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்ணுக்கு மேலங்கிப் பை மட்டும்தான் தெரிந்தது. முடிமேல் சுண்ணாம்பு எவ்வளவு ஏறியிருந்தாலும் அதை வேர்க்கால் வரை இளகவைக்க வினிகருக்குப் பின்னால் நல்ல தண்ணீர் வேண்டும். ஒரே ஒரு வாளி. ஐவியை முன்னறைக் கட்டிலில் மின்விசிறிக்குக் கீழே படுக்கவைத்து, சாவியும் வாளியுமாக வெளியே வந்தாள்.

புழுதி சூரியனை மூடிவிட்டது. பட்டப்பகலில் எல்லாம் சிவப்பாக, மங்கலாக இருந்தது. தொட்டியின் பூட்டைத் திறந்து குழாயைத் திருகினாள். ஒன்றும் வரவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. தீர்ந்துவிட்டதா? விரல் முட்டியால் அடியில் தட்டினாள். டொப். காலித் தகரம் கணகணவென்று ஒலிக்கும், இது கெட்டியாகக் கேட்டது. கொஞ்சம் மேலே தட்டினாள். டொப். தோள் உயரத்தில். டொப். கை எட்டிய மட்டும் டொப், டொப்.

நிறைந்திருக்கிறது. மூன்று வருடமாக மழையில்லை, தொட்டி நிறைந்திருக்கிறது.

பாவி! நிறைய வைத்துக்கொண்டுதான் குழந்தையின் தலைக்கு ஒரு வாளி இல்லை என்றாளா? மெரினுக்கு ஆத்திரத்தில் கண் இருட்டியது. அந்த ஆத்திரம்தான் அவளைப் பக்கவாட்டு ஏணியில் ஏற்றியது. மூடியை இழுத்தாள்.

ஆவி முகத்தில் அடித்தது. அழுகிய முட்டை. சூடான இரும்பு.

காலித் தொட்டி வெயிலில் காய்ந்தால் மூட்டுகள் பிளந்துவிடும் என்று அங்கே எல்லோரும் அடியில் ஒரு சாண் போர் தண்ணீர் விட்டுவைப்பார்கள்; முதல் மழைக்கு முன் திறந்து வடித்துவிடுவார்கள். வெர்னா வடிக்கவில்லை. விடுவதை நிறுத்தவும் இல்லை. ஊற்றுகள் தம் வாயைச் சுற்றித் தாமே கல் கட்டிக்கொண்டு குன்றாக வளரும் பூமி அது. தொட்டிக்குள் தண்ணீர் இல்லை. கல். விளிம்புவரை வெள்ளைக் கல், பூசிய தரைபோல வழவழவென்று. மேலே ஒரு மெல்லிய குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

கல்லின் நடுவிலிருந்து முடி வளர்ந்திருந்தது.

செம்பட்டை. ஆள் நீளத்துக்கும் மேல். சிக்கு எடுத்து, வாரி, வட்டமாகச் சுருட்டி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு நீல நிறச் சீப்பு. அந்த முடி மட்டும் விறைப்பாக இல்லை. ஈரமாக, மிருதுவாக, அப்போதுதான் அலசிய தலைமுடிபோல இருந்தது. அதன் நுனி கொத்தாகத் தொட்டியின் ஓரத்துக் குழாய்க்குள் இறங்கியது. வீட்டுக் குளியலறைக்குப் போகும் குழாய்.

மெரினுக்குள் ஒரே ஒரு நினைப்புதான் ஓடியது: அப்படியானால் மூன்று வருடமாக டீ எந்தத் தண்ணீரில்? ஐவி குடித்தது எந்தத் தண்ணீர்?

கைக்குக் கீழே தகரம் அதிர்ந்தது. குழாய் சூடானது. முடியின் சுருள் மெதுவாக, ஒரு சுற்று, அவிழ்ந்தது. இன்னொரு சுற்று. உள்ளே போனது.

வீட்டில் யாரோ குளியல் தொட்டியில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள்.

விழுந்தாள். எழுந்தாள். வாளி எங்கோ உருண்டது. புழுதியில் வீடு தெரியவில்லை, கையால் தடவிச் சுவரைப் பிடித்தாள். முன்னறை. கட்டில். காலி.

"ஐவி!"

தண்ணீர் ஓடும் சத்தம். வெர்னாவின் குரல், தாலாட்டுவதுபோல. "அவ்வளவுதான், கண்ணு. அவ்வளவுதான். இனி கழுத்து வலிக்காது."

குளியலறை வாசலில் டார்சி உட்கார்ந்திருந்தான், காலை நீட்டி, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. வேலி பார்க்கப் போகவே இல்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"நீ போறேன்னு சொல்லியிருக்கக் கூடாது, மெரின். லினெட் போறேன்னு சொன்னப்பவும் நான் சொன்னேன். அக்கா முன்னாடி சொல்லாதேன்னு."

அவனைத் தாண்டினாள். ஆவி. வெள்ளை. வெர்னா குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள், கையில் எனாமல் குவளை. மொண்டாள். ஊற்றினாள். மொண்டாள். ஊற்றினாள்.

ஐவி நேராக உட்கார்ந்திருந்தாள். முடி தோளிலிருந்து தொட்டியின் விளிம்புவரை ஒரே பாளமாக இறங்கி, பீங்கானோடு பீங்கானாக ஒட்டியிருந்தது. பாளத்துக்குள்ளே சிவப்பு இழைகள் ஓடின. கழுத்து வெள்ளை. காது வெள்ளை. உதட்டின் மேல் மெல்லிய ஓடு, மூச்சுக்கு மூச்சு விரிசல் விட்டது. அடுத்த குவளையில் மூடியது.

மெரின் மகளைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். அசையவில்லை. இழுத்தாள். நகம் பெயர்ந்தது. சின்ன உடம்பு. கல் கனம்.

"தூக்காத," என்றாள் வெர்னா கனிவாக. "ஒடைஞ்சிடுவா."

மெரின் கையை எடுத்தாள்.

ஐவியின் கண்கள் மட்டும் அசைந்தன. அலைந்து, தேடி, அம்மாவின் முகத்தில் வந்து நின்றன. இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. கன்னத்தில் பாதி தூரம். அங்கே வெளுத்தது. நின்றுவிட்டது.

வெர்னா அடுத்த குவளையை மொண்டாள்.