கறுப்பு-வெள்ளைக் கரையில் ஓர் இரவல்காரன்

"ஒரு பேக்கன் பன்."

கானர் டினியன் கேட்டது அவ்வளவுதான், பன்றிக்கறித் துண்டு வைத்த ஒரு பன். கடை முழுக்கப் பேச்சு நின்றுபோனது.

வெளியே ஹெஸ்ஸில் ரோடு நெடுக ஊசி ஊசியாக மழை... உள்ளே கல்லில் முட்டை பொரிகிற சத்தம் மட்டும். மூலை மேசையில் இருந்த ஆல்ஃப் கிழவர், தேநீர்க் கோப்பையை வாய்க்குப் பாதி வழியில் அப்படியே நிறுத்திவிட்டார். மீன்பிடிக் கப்பலில் வட கடலைப் பார்த்தவர். அங்கேகூட இப்படி ஓர் அதிர்ச்சி கண்டதில்லை என்பது போல ஒரு முகம்.

அடுப்புப் பக்கம் நின்றவள் திரும்பினாள்.

மழை விடலாமா, வேண்டாமா என்று யோசிக்கிற வானத்துக்கு ஒரு சாம்பல் நிறம் உண்டே... அந்தக் கண்கள். கானருக்குப் பசி ஒரு கணம் மறந்தது.

"என்ன கேட்டே, கண்ணு?"

அந்தத் தெருவில் தபால்காரரிலிருந்து போலீஸ்காரர் வரை எல்லாருமே அவளுக்குக் 'கண்ணு'தான். இது அவனுக்குத் தெரியாது. காது மடல் சூடாயிற்று.

"பே... பேக்கன்ங்க."

"தம்பி," என்றார் ஆல்ஃப். "பேக்கன் என்ன நிறம்?"

"சிவப்பு."

"ஓரத்துல?"

"...வெள்ளை."

"சிவப்பு-வெள்ளைச் சட்ட யாரோடது?"

ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிற ரக்பி அணியுடையது. ஹல் நகரத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மேற்குக் கரைக்குக் கறுப்பு-வெள்ளை. அந்த வெறுப்பில் இந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்கள் பேக்கனை வீட்டுக்குள்ளேயே சேர்ப்பதில்லை என்று கானர் கேள்விப்பட்டிருந்தான்.

"அது... சும்மா விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

"விளையாட்டுதான்ப்பா. அதான் உசிரா எடுத்துக்கிட்டிருக்கோம்."

கடை சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவன் மூக்கைப் பார்த்தாள், இரண்டு முறை உடைந்து கோணிய மூக்கு. காதைப் பார்த்தாள், கசக்கிப் போட்ட காகிதம் மாதிரியான காது. சாம்பல் கண்கள் இருண்டுகொண்டு வந்தன...

"நீ டினியன்தானே?"

'கண்ணு' போய்விட்டது.

"ஆமாங்க."

"நான் டெஸ்ஸா. டெஸ்ஸா ஹார்க்கர்."

ஹார்க்கர்... கானர் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"புனித வெள்ளி ஆட்டத்துல நீ சாய்ச்சியே லூக்... அந்த முழங்கால் என் தம்பியோடது. இப்ப மாடியில நாற்காலி மேல கெடக்கு. அவன் எடத்துல ஆட வந்திருக்கிற நீ, அவன் அக்கா கடையிலயே வந்து பேக்கன் கேக்குற. தைரியம்தான்."

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க... நான் போயிடறேன்."

"ஒக்காரு. பசியோட வந்தவன அனுப்பினா கடைக்கு நல்லதில்ல. முட்ட இருக்கு. முட்ட மட்டும்தான் இருக்கு."

முட்டை பன் வந்தது. தட்டு மேசையில் விழுந்த ஓசையில் ஆல்ஃபின் தேநீர் தளும்பியது.

*

நடந்தது இதுதான். மேற்கு அணியில், ஒவ்வொரு முறை ஆள் சாய்ந்த பிறகும் தரையிலிருந்து பந்தை எடுத்துவிடுகிற ஆட்டக்காரன் லூக் ஹார்க்கர். அவன் படுத்துவிட்டான். ஆட்டத்துக்கு ஆட்டம் தோல்வி. கீழ் வரிசைக்கு இறங்கிவிடும் பயம் வந்துவிட்டது. கிழக்கு அணியிலோ அதே வேலைக்கு இரண்டு பேர். அதில் ஒருவனான கானர் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒருவனிடம் உபரி, இன்னொருவனிடம் தட்டுப்பாடு. வியாபாரம் நடக்க இதைவிட வேறென்ன வேண்டும்? பரம்பரைப் பகையாளிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். விற்பனை இல்லை, இரவல். லூக்கின் கால் சரியாகும் வரை. ஒரே நிபந்தனை, கொடுத்த அணிக்கு எதிராக அவனை இறக்கக் கூடாது. இரவல் கொடுத்த கத்தி கொடுத்தவனையே கீறலாமா?

இரு தரப்புக்கும் லாபம்தான். குடையை இரவல் தரும்போது, "உனக்குச் சம்மதமா?" என்று குடையை யார் கேட்கிறார்கள்?

உடை மாற்றும் அறையில் லூக்கின் கொக்கியில்தான் இவன் சட்டை தொங்கியது. பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவார்கள், அவனைத் தாண்டி. மைதானத்தில் அவன் ஆளைச் சாய்த்தால் அரங்கம் கை தட்டத் தொடங்கும்... பிறகு அவன் யார் என்பது நினைவு வந்ததுபோல அந்தத் தட்டல் பாதியில் தயங்கி நின்றுவிடும். கிழக்கே அவன் வாடகை அறைக்குக் கீழே இருந்த மதுக்கடையிலோ, முன்பு தோளில் கை போட்டவர்கள் இப்போது முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அவன் சொந்த ஊர் ஒயிட்ஹேவன், நாட்டின் மறு கடற்கரை. அம்மாவுக்குப் போன் செய்தால், "எப்படிடா இருக்கே?" என்பாள். "நல்லா இருக்கேன்," என்பான். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது.

அதனால்தான் ஓர் ஆட்டம் முடிந்த மறுநாள் மீண்டும் டெஸ்ஸாவின் கடைக்குப் போனான். திட்டினாள்தான். ஆனால், அவன் முகத்தைப் பார்த்துத் திட்டினாள்.

"வந்துட்டியா? என் தம்பி எடத்த நாறடிச்சிட்டு? நேத்து ரெண்டு பந்து கைநழுவ விட்டியாமே?"

"ஒண்ணுதான்."

"ரெண்டுன்னு ஆல்ஃப் சொன்னாரு."

"நான் ஒண்ணுதான் சொன்னேன்," என்றார் மூலையிலிருந்து ஆல்ஃப். "இன்னொண்ண நீதான் சேத்துக்கிட்டே, பொண்ணு."

டெஸ்ஸா சட்டென்று திரும்பிக்கொண்டாள். ஆனால் கழுத்து சிவந்ததை எப்படி மறைப்பாள்? அது அவளுக்கு ஆகாத நிறமாயிற்றே என்று கானர் நினைத்துக்கொண்டான். சொல்லத் தைரியம் வரவில்லை.

நாளாக ஆக, கேட்காமலே தட்டு வந்தது. அவன் பேச்சில் 'ங்க' உதிர்ந்துபோனது. அம்மா இன்னொருவரோடு ஸ்பெயினுக்குப் போய்விட்டதையும், கடையையும் தம்பியையும் தான் ஒருத்தியே பார்ப்பதையும் அவள் துடைப்பதும் அடுக்குவதுமாகத் துண்டு துண்டாகச் சொன்னாள். தம்பிக்கு யார் வந்தாலும் எரிச்சல். சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வருகிறாளாம். கூட்டம் கலைந்த கடையில் அவள் தனியாக நின்று தேநீர் குடிப்பதைக் கானர் ஒரு மாலை கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தான். உட்காரக்கூட இல்லை... தன் அறையில் தானும் அப்படித்தான் நின்றுகொண்டு சாப்பிடுகிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

*

இரு கரைகளும் மோதுகிற டெர்பி நாள் வந்தது. ஊரே மைதானத்துக்குப் போய்விட்டது. ஆல்ஃப், லூக்கைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். வீதியில் மழையும் கானரும் மட்டும். அந்த நகரத்தில் அன்று ஆடவும் முடியாமல், எந்தப் பக்கம் உட்காரவும் முடியாமல் இருந்தவன் அவன் ஒருவன்தான்.

கடை திறந்திருந்தது.

"நீ போகலியா?"

"ஆட்டம் முடிஞ்சு வர்ற கூட்டத்துக்கு உருளைக்கிழங்குப் பேட்டீஸ் யார் பொரிச்சு வைப்பா?" உருளைக்கிழங்கு உருண்டைகளைத் தட்டிக்கொண்டே சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "லூக் விழுந்த அன்னிக்கு நான் முன்வரிசையில இருந்தேன். முழங்கால் முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்பறம் மைதானத்துக்குள்ள போக முடியல."

அவன் கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு தானும் உருண்டை பிடித்தான்.

"அடேயப்பா, என்ன இது, பேட்டீஸா, பந்தா?"

"பெருசா இருந்தா வாங்குறவங்களுக்குச் சந்தோசம்தானே?"

"விக்கிறவ நான்டா!"

சிரித்தாள். முதல் முறையாக அவனுக்கென்றே ஒரு சிரிப்பு... கண்களில் வானம் வெளுத்தது. மாவு படிந்த அவள் புறங்கை அவன் கையில் பட்டது. இருவரும் எடுக்கவில்லை.

தூரத்தில் அரங்கம் இடியாக எழுந்தது. கூரைகளைத் தாண்டி வந்த அந்த ஓசையில் யாருடைய மகிழ்ச்சி என்று பிரித்தறிய முடியவில்லை.

"யாரு அடிச்சது?"

"தெரியல."

"யாரு அடிச்சிருக்கணும்னு நெனைக்கிறே?"

கானர் வாயைத் திறந்தான். கிழக்கா... மேற்கா... உள்ளே தேடினால் வெறும் மழைச் சத்தம்தான்.

"யாரு ஜெயிச்சாலும் என்னக் கூப்பிட்டுச் சொல்ல ஆளில்ல, டெஸ்ஸா."

அவள் கை அசைந்தது, அவன் விரல்களுக்கு இடையில் வந்தது. அப்புறம், வெகுநாளாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா? ஆஸ்பத்திரியில லூக் அவ்வளவு நாள் இருந்தான். உங்க கேப்டன் வந்தாரு. உங்க டாக்டர் வந்தாரு. நீ ஏன் வரல?"

கானர் கையை எடுத்துக்கொண்டான்.

"அது சுத்தமான பிடி. நடுவர் விசில்கூட ஊதல. மறுநாள் வீடியோ பாத்த கமிட்டியும் தப்பில்லன்னுச்சு. நான் வந்து நின்னா, தப்பு பண்ணவன் மன்னிப்புக் கேக்க வந்திருக்கான்னு ஆயிடாதா?"

"மன்னிப்ப யாரு கேட்டா? நடுவரா என் தம்பிக்குச் சொந்தம்? எப்படிடா இருக்கேன்னு ஒரு வார்த்த... அதுக்குக் கமிட்டி அனுமதி வேணுமா?"

"தப்பே பண்ணாதவன் எதுக்கு...?"

"போ, கானர்."

"டெஸ்ஸா..."

"கூட்டம் வர்ற நேரம். அவனும் வருவான். உன்ன இங்க பாக்க வேணாம். போ."

போனான். அவனுக்கும் ரோஷம் இருந்தது. விலையில் விட்டுக்கொடுக்காமல் கடையை விட்டிறங்கியவனுக்குத் தெரு முனை வரைக்கும் ஒரு மிடுக்கு இருக்குமே, அது. முனை திரும்பியதும் மழைதான் இருந்தது.

*

பிறகு அவன் அந்தப் பக்கமே போகவில்லை. காலையில் அறையிலேயே காய்ந்த ரொட்டி. ஆட்டம் மட்டும் நன்றாக வந்தது. பேச்சில்லாதவனுக்கு வேறென்ன வேலை? மேற்கு அணி கீழே விழாமல் தப்பித்தது. கோடை முடியப்போகிற ஒரு பயிற்சி நாளில் மேலாளர் அவனைக் கூப்பிட்டு, "நல்லா ஆடினே. ஹார்க்கர் தேறிட்டான். நாளையிலேர்ந்து நீ உன் பழைய எடத்துக்குப் போயிடலாம்," என்றார்.

உன் இடம்... அது எது?

உடை மாற்றும் அறையில் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. லேசாகச் சாய்ந்து நடந்து வந்தான் லூக் ஹார்க்கர். அவனுக்கும் அதே சாம்பல் கண்கள். தன் கொக்கியைப் பார்த்தான். அதில் தொங்கிய கானரின் சட்டையைப் பார்த்தான்.

"எடுத்துக்கறேன்," என்றான் கானர்.

எடுத்தான். மடித்தான். பையின் ஜிப்பை இழுத்தான். கதவு வரை போனான். தப்பில்லை, விசில் இல்லை, கமிட்டி சொன்னது... எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்தும் பையைக் கீழே வைத்தான்.

திரும்பினான்.

"லூக்... கால் எப்படி இருக்கு?"

லூக் பெஞ்சில் உட்கார்ந்து, காலை நீட்டினான்.

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன்," என்றான் கானர். "உள்ள வர முடியல. சுத்தமான பிடின்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் சொல்லிக்கிட்டேன். ஆனா அந்தச் சத்தம்... அது என் தோளுக்குக் கீழதானே கேட்டுச்சு. அது என்ன விட்டுப் போகவே இல்ல."

லூக் முழங்காலை உள்ளங்கையால் மெல்லத் தேய்த்துக்கொண்டான்.

"மழ வந்தா வலிக்குது," என்றான் லூக் கடைசியில். "இந்த ஊர்ல எப்ப மழ வரல? சுத்தமான பிடிதான்டா. எனக்குத் தெரியாதா? ஆனா அத உன்கிட்டச் சொல்ல, நீ வருவேன்னு படுத்துக்கிட்டே காத்துக்கிட்டிருந்தேன். நீ வராதது எனக்கு முழங்கால விட எரிச்சல்."

"மன்னிச்சுடு."

"சரி சரி, அழுதுடாதே. பசங்க பாத்தா சிரிப்பாங்க." லூக் தன் சட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, திரும்பாமலே சொன்னான்: "எங்கக்கா வாசலப் பாத்துக்கிட்டே முட்டையக் கருக்குறா. தெனம் எனக்குத்தான் அந்தக் கருகின முட்ட. எனக்காகவாவது போய்ப் பேசித் தொலை."

*

டெஸ்ஸா நாற்காலிகளை மேசைகள் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நனைந்து நின்றவனைப் பார்த்ததும் ஒரு நாற்காலி கையிலேயே நின்றது.

"கடை மூடியாச்சு."

"தெரியும். சாப்பிட வரல." மூச்சு வாங்கியது. பையோடு ஓடி வந்திருந்தான். "லூக்கப் பாத்துட்டேன். கேட்டுட்டேன். முன்னாடியே கேட்டிருக்கணும்."

அவள் கையிலிருந்த நாற்காலி மெல்ல இறங்கியது.

"நாளைக்கு நான் அந்தக் கரைக்குத் திரும்பிடறேன். போறதுக்கு முன்னாடி... எனக்குப் பேச வராது. நேரா சொல்லிடறேன். உன்ன எனக்குப் புடிச்சிருக்கு, டெஸ்ஸா. இந்த ஊர்ல எங்க போறதுன்னு யோசிச்சா, கால் இங்கதான் வருது. வராம இருந்த நாளெல்லாம்..." வார்த்தை முடிந்துபோனது. "அவ்வளவுதான்."

மழை கண்ணாடியில் வழிந்தது. சாம்பல் கண்களும் வழிந்தன. அவள் துடைக்கவில்லை.

"லேட்டா வந்து, அதுவும் மொத்தமா சொல்றே. பேரம் பேசக்கூட விடல."

"டெஸ்ஸா, நல்லா யோசிச்சுக்கோ. அடுத்த டெர்பியில உன் தம்பி எதிர்ல நான் நிப்பேன். அவன் பந்தோட வந்தா, நான் மறுபடியும் சாய்க்கணும்."

"சாய்." அவள் கிட்டே வந்தாள். நனைந்த சட்டைக் கழுத்தைப் பிடித்துச் சரிசெய்தாள். கை அங்கேயே தங்கியது. "அது உன் வேல. நான் முன்வரிசையில ஒக்காந்து உன்னத் திட்டுவேன், அது என் வேல. சாய்ச்சிட்டுக் கை குடுத்து அவன எழுப்பி விடு. அப்புறம்... நேரா வீட்டுக்கு வந்துடு."

"எந்த வீட்டுக்கு?"

டெஸ்ஸா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன்டா... எத்தன வீடு வச்சிருக்கே?"