மூன்றாவது எண்

கோவில்பட்டி ஒருமையுலையில் தினமும் இரண்டு எண்களைத்தான் அளப்பார்கள். மூன்றாவதைக் கணக்குப் போட்டு எழுதிக்கொள்வார்கள். முப்பது வருடமாக இதுதான் வழக்கம்.

காரணம் இல்லாமல் இல்லை. மின்காந்த விசை, மென்விசை, அணுக்கருவை இறுக்கிப் பிடித்திருக்கும் வன்விசை, இந்த மூன்றுக்கும் ஆளுக்கொரு வலிமை எண் உண்டு. பிணைப்பு மாறிலி என்று பெயர். ஆனால் ஆற்றல் ஏற ஏற அது மாறிக்கொண்டேதான் இருக்கும். பெயர் வைத்த புண்ணியவானைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு துகளுக்கும் மறைவாக ஒரு ஜோடித் துகள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அந்த மாற்றத்தை வரைந்தால், மூன்றின் கோடுகளும் மிக உயர்ந்த ஆற்றலில் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. ஆக, இரண்டு கோடுகள் தெரிந்தால் மூன்றாவது எங்கே இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

அந்தச் சந்திப்பைக் கடுகளவு இடத்தில் நிகழ்த்துவதுதான் ஒருமையுலை. அதற்குள் போனால், லேசில் அசைந்து கொடுக்காத புரோட்டான்கூட உடைந்து ஒளியாகிவிடும். ஒரு பிடி மணல் போட்டால் ஊருக்கே ஒரு மாதம் மின்சாரம். இவ்வளவு கொடுத்த விதியை ஜனங்கள் விட்டுவைப்பார்களா? பள்ளிக்கூடத்தில் இரண்டு பாடங்களுக்குத் தேர்வு, மூன்றாவதன் மதிப்பெண் கணிப்பு. ஆஸ்பத்திரியில் இரண்டு ரத்தச் சோதனை, மூன்றாவது கணிப்பு. நேரம் மிச்சம் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

உலையின் ஆய்வாளர் செண்பகவல்லியும் அப்படித்தான் இருந்தாள், உலையை இயக்கும் தொழிலாளி இசக்கிமுத்து ஒரு காலையில் அவள் மேஜைமுன் வந்து கையுறையைக் கழற்றும்வரை. உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது.

“யக்கா, பிச்சையா அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிச்சு. போன மாசம் போய்ச் சேந்துட்டாரு. எங்க செட்டுல அடுத்தது நான்தான் போல.”

“டாக்டர்கிட்ட காட்டினியாப்பா?”

“ரெண்டு சோதனை எடுத்தாங்க. மூணாவது நல்லா இருக்கும்னு கணிச்சு அனுப்பிட்டாங்க.”

உலையில் அளக்காமல் கணித்து எழுதும் மூன்றாவது எண் அவளுக்கு நினைவுக்கு வந்தது: வன்விசை எண். அது பிசகினால், அந்தக் கடுகளவு இடம் சுவரைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே வரும். பக்கத்தில் நிற்கிறவன் உடம்பிலும் புரோட்டான்கள்தானே இருக்கின்றன.

பண்டக அறையிலிருந்து வன்விசைமானியை எடுத்துவரச் சொன்னாள். உறைகூடப் பிரிக்காத கருவி. வைத்துப் பார்த்தாள்: 0.129. கணிப்பும் அதே 0.129. பெருமூச்சு விட்டவள், கருவியோடு இருந்த தாளை எதற்கோ புரட்டினாள். ‘சரியான எண்ணைக் காட்டாத எந்தக் கருவியும் எங்கள் ஆலையைவிட்டு வெளியேறாது’ என்று பெருமையாக அச்சடித்திருந்தார்கள். சரியான எண் என்றால் கணித்த எண். அதைக் காட்டும்வரை ஒரு திருகைத் திருகித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

திருகைத் தளர்த்திவிட்டு மறுபடி அளந்தாள். 0.118. பத்துத் தடவை அளந்தும் அதேதான். கோடுகள் சந்திக்கவில்லை. கிட்டத்தட்ட சந்தித்துவிட்டு, பார்க்காததுபோலப் போகின்றன. முப்பது வருடமாக யாருமே பார்க்கவில்லையே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

“நான் நிப்பாட்ட வைக்கிறேன். அதுவரைக்கும் நீ லீவுல இரு” என்றாள் இசக்கிமுத்துவிடம்.

உலையை நிறுத்தும் அதிகாரம் மதுரையில் இருக்கும் விசாரணை ஆணையத்துக்குத்தான் உண்டு. செண்பகவல்லி அளவீட்டுத் தாள்களோடு போய்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் உலையின் மேலாளரைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் நாள் கருவி செய்த ஆலைக்காரரை. மூன்றாம் நாள் அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டபோது, எழுத்தர் வந்து கதவைப் பூட்டினார்.

“என்னை இன்னும் கூப்பிடலையே சார்?”

“உங்க வாக்குமூலம் வந்துடுச்சும்மா. தீர்ப்பே அனுப்பியாச்சு” என்றார் அவர். குரலில் கிண்டல் எதுவும் இல்லை.

அவள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் தீர்ப்பு உலை வாசலில் ஒட்டப்பட்டிருந்தது. மூன்று வாக்குமூலங்கள். மூன்றாவது அவளுடையது. ‘அளவீட்டில் என் கவனக்குறைவே பிழைக்குக் காரணம். உலையில் ஆபத்து இல்லை.’ கீழே அவள் பெயர்.

இசக்கிமுத்து அதைப் படித்துவிட்டுச் சீருடையில் நின்றிருந்தான். முகம் தெளிந்திருந்தது.

“ரெண்டு வாரமா தூக்கமே இல்ல யக்கா. இப்பதான் நிம்மதி.”

“டேய், அது நான் சொன்னதில்லடா! அந்த ரெண்டு பேரு சொன்னத வச்சுக் கணிச்சிருக்காங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. உள்ள போகாத!”

அவன் அவளைப் பரிவோடு பார்த்தான். “கணிப்பு தப்பாகுமா யக்கா? அதுல இருக்கிறதுதான் உங்க நெசமான மனசு. இப்பப் பேசுறது பயம். போயி ரெஸ்ட் எடுங்க.”

கையுறையை வலிக்க வலிக்க மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.