கட்டிப் போட்ட விமானம்

டெலிபோன் அலறியது!

எல்மர் காங்கஸ் பாய்ந்து எடுத்தார். கெட்டில் ஏரி விமான நிலையத்துக்கு நவம்பரில் போன் வருவதே திருவிழா மாதிரி.

மேலாளர், ரேடியோக்காரர், பனி தள்ளுபவர், கக்கூஸ் கழுவுபவர் எல்லாம் அவரே. வயது அறுபத்தாறு. கோடைக்கு வந்த கூட்டம் படகுகளை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டது. இனி மே மாதம் வரை அவரும் காற்றும்தான்.

"டுவைட் ஸ்டென்சனோட சம்சாரம் பேசறேன். நேத்து சாயந்திரமே அங்க எறங்கியிருக்கணும். போனே எடுக்கல..."

எல்மர் ஜன்னல் வழியே பார்த்தார்.

டுவைட்டின் சிவப்பு விமானம் ஓடுபாதை ஓரத்தில் நின்றிருந்தது. நேற்று நாலு மணிக்கு அவர் பூட்டிவிட்டுக் கிளம்பியபோது அது இல்லை.

"வந்துட்டாரும்மா. இருங்க, பாத்துட்டு வர்றேன்."

போய்ப் பார்த்தார்.

டுவைட் இருக்கையில் இருந்தார். பெல்ட் மாட்டியபடி. காதில் ஹெட்போன் மாட்டியபடி. கண்கள் திறந்தபடி...

இருபது நிமிடத்தில் டெப்டி ஷெரிஃப் மார்லிஸ் போலீஸ் காரில் வந்து இறங்கினாள்.

"ஹார்ட் அட்டாக்தான். தரைல எறங்கி எஞ்சினை நிறுத்தினதும் போயிட்டார், பாவம்."

அத்தோடு எல்மர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் நாள் கணக்கில் பேச ஆள் கிடைக்காத வாய் அது.

"அப்ப கயிறு கட்டினது யாரும்மா?"

"எந்தக் கயிறு?"

இரண்டு இறக்கையிலும் ஒன்று, வாலில் ஒன்று. மூன்று கயிறுகளும் தரையில் பதித்த வளையங்களில் இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தன.

"இங்க ஏரிக்காத்து பொல்லாதது. கட்டாம விட்டா விமானம் தானா உருண்டு போயிடும். இவர் எறங்கி கயிறு கட்டிட்டு, மறுபடி ஏறி பெல்ட்டு போட்டுக்கிட்டு செத்தாரா?"

மார்லிஸின் முகம் மாறியது.

"கேட் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட. அப்புறம்... ஹார்லன்கிட்ட."

"திங்கட்கிழமை ஊர்க் கமிட்டில இந்த இடத்தை மூடறதைப் பத்தி ஓட்டெடுப்பு. ரெண்டுக்கு ரெண்டு. டுவைட் ஓட்டுதான் தீர்மானிக்கும். மூடணும்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தவர் அவர்... இல்லையா?"

"ஆமா."

"நேத்து நாலு மணிக்கு மேல எங்க இருந்தீங்க?"

"வீட்ல."

"கூட யாரு?"

மனைவி ஐரீன் போய் நாலு வருஷம் ஆகிறது. தகர டப்பா சூப்பைச் சூடு பண்ணிக் குடித்துவிட்டு டி.வி.யோடு பேசிக்கொண்டிருந்ததை எந்தக் கோர்ட் நம்பும்? தனியாக இருப்பவனுக்குச் சாட்சியும் இல்லை.

"என்கூடத்தான் இருந்தான்!"

பின்னாலிருந்து குரல்.

ஹார்லன்! தினமும் காலை எட்டரைக்கு காபி பிளாஸ்க்கோடு வந்துவிடும் ஓய்வு பெற்ற விமானி. சொந்த விமானத்தை விற்று ஆறு வருஷமாகியும் வருவதை நிறுத்தாதவர்.

"எங்க வீட்ல சீட்டாடிட்டிருந்தோம். சாயந்திரம் நாலுலேருந்து ஒம்போது வரைக்கும். என்னடா எல்மரு, சொல்லேன்!"

எல்மருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னோடு ஒருவன் இருந்தான் என்று இன்னொரு மனிதன் சொல்லிக் கேட்டு எத்தனை காலம்! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பிக்கலாம். தினமும் எட்டரைக் காபியும் நிலைக்கும்.

ஆனால்...

"ஹார்லன், நேத்து ஆறு மணிக்கு உனக்குப் போன் போட்டேன்டா. சும்மா பேசலாம்னு. இருபது தடவை அடிச்சுது. நீ எடுக்கல."

"முட்டாள்! உன்னைக் காப்பாத்தத்தானே..."

"என்னையா? உன்னையா?"

ஹார்லன் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

"இதை மூடிட்டா காலைல நான் எங்கடா போவேன்? நீ சொல்லு! எங்க போவேன்?"

"அதுக்கு?"

"குளிருதேன்னு டுவைட்டுக்கு சீட்லயே இந்த பிளாஸ்க்லேருந்து காபி ஊத்திக் குடுத்தேன். என் இதய மாத்திரை அரை பாட்டில் அதுல. என்னவோ சொல்ல வாயெடுத்தான். மொதல்ல காபியக் குடின்னேன்... முடிஞ்சதும் பெல்ட்டையும் ஹெட்போனையும் மாட்டிவிட்டேன்."

"கயிறு?"

"காத்து அடிச்சுதுடா. விமானத்தை அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல..."

மார்லிஸ் விலங்கை எடுத்தாள். ஹார்லன் கையை நீட்டினார்.

அவரைக் காரில் ஏற்றிவிட்டு விமானத்துக்குத் திரும்பினாள். டுவைட்டின் கோட்டுப் பையில் ஒரு கவர். பிரித்துப் படித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா அது?"

"கமிட்டிக்கு எழுதின கடிதம். கையெழுத்தும் போட்டிருக்கார். 'யோசித்துப் பார்த்தேன். விமான நிலையத்தை மூடக் கூடாது என்பதே என் ஓட்டு. எல்மரிடம் நேரில் சொல்லப் போகிறேன்.'"

சொல்ல வாயெடுத்த விஷயம் அதுதான்!

எல்மர் படியில் உட்கார்ந்துவிட்டார். இனி ரெண்டுக்கு ரெண்டு. இடம் போகலாம். நண்பன் போயேவிட்டான். உள்ளே கொக்கியில் இரண்டு கப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன. அழுகை வந்தது. அழுதார்.

மார்லிஸ் பிளாஸ்க்கைப் பாலிதீன் பையில் போட்டு முடிச்சிட்டாள். வேறு டெப்டி வந்து ஹார்லனை அழைத்துப் போனார். பிணத்தைக் கொண்டுபோக வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

"அதுவரைக்கும் நான் இங்கதான் இருக்கணும். கடைலேருந்து காபி கொண்டு வரச் சொல்லட்டுமா?"

எல்மர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"டீ சொல்லும்மா. ரெண்டு கப். மொதல் மடக்கு நீதான் குடிக்கணும்!"