கறை தெரியவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த அந்தப் பெண், உட்காருவதற்கு முன்பே ஒரு பழைய நோட்டை மேஜைமேல் வைத்தாள்.

“சார், கையெழுத்து எங்கப்பாவோடது. கதை எங்கம்மாவோடது. அதை நீங்கதான் நிரூபிக்கணும்.”

எதிரே இருந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவர். விடுபட்ட ஒற்று ஒன்றைக்கூடத் தப்பவிடமாட்டார் என்பதால் அங்கே அவருக்கு ‘ஒற்றர்’ என்று பெயர். ஓய்வுக்குப் பிறகு போலி உயில், மொட்டைக் கடிதம் என்று ஊரே அவரைத் தேடி வந்ததில், பட்டப்பெயரே தொழிலாகிவிட்டது.

அம்மாவின் புனைபெயரை அந்தப் பெண் சொன்னதும், உள்ளேயிருந்து மருமகள் ஓடிவந்தாள். “அவங்களா! மாமா, கெமிஸ்ட்ரி புக்குக்குள்ள வச்சு அவங்க கதையைப் படிச்சு நான் அடி வாங்கியிருக்கேன்!”

நூற்றுப்பன்னிரண்டு காதல் நாவல்கள். ஒரு காலத்தில் பேருந்தில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே பார்த்தாலும் அவைதான். விமர்சகர்கள் மட்டும் ‘கண்ணீரில் ஊறிய காகிதம்’ என்று ஒதுக்கிவிட்டார்கள். இப்போது அவற்றில் சிறந்ததாகிய, ஒரு படகுப் பயணத்தைச் சொல்லும் நாவலுக்கு மறுபதிப்பு வருகிறது. முன்னுரை எழுத வந்த மூத்த விமர்சகர், அவர்கள் வீட்டு அலமாரியில் கிடைத்த இந்த நோட்டைப் பார்த்துவிட்டு, நாவல் அம்மாவுடையதல்ல, மறைந்த கணவருடையது என்று சொல்லிவிட்டார். அட்டையில் பெயரை மாற்றப் பதிப்பாளரும் தயார்.

“அம்மா என்ன சொல்றாங்க?”

“போன வருஷம் பக்கவாதம் வந்ததுல பழசு நிறைய மறந்துபோச்சு. ‘அவர் பேரையே போட்டுடுங்க’ன்னு சொல்லிட்டு, சரியா சாப்பிடறதுகூட இல்ல. எனக்கும் அந்த நாவலுக்கும் ஒரே வயசு சார். எனக்கு எப்படித் தெரியும்?”

ஒற்றர் நோட்டைப் புரட்டினார். அப்பா தமிழாசிரியர். முத்து முத்தான எழுத்து. ஆங்காங்கே அடித்தல் திருத்தல். ஓரிடத்தில் ‘கறை தெரியவில்லை’ என்று எழுதி, ‘கரை’ என்று திருத்தியிருந்தது. இன்னோரிடத்தில் ஒரு வரி முழுதாக அடிக்கப்பட்டிருந்தது: ‘தூங்கிட்டா. எதுல விட்டேன்?’

“அட, வாத்தியாரே றகரத்துல கோட்டை விட்டுட்டாரே!” என்றாள் மருமகள்.

“இந்த நோட்டு முழுக்க அவர் வேற எங்கயும் கோட்டை விடல. அதான் இடிக்குது” என்றார் ஒற்றர்.

மறுநாள் பதிப்பாளர் அறையில் எல்லோரும் கூடினார்கள். நாவலாசிரியை மகளின் கையைப் பிடித்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

விமர்சகர் தொண்டையைச் செருமினார். “மத்த நூத்திப்பதினொண்ணும் இவங்க எழுதினதுதான். படிச்சாலே தெரியும். இது வேற தரம். அடிச்சுத் திருத்தியிருக்கறதைப் பாருங்க, யோசிச்சு யோசிச்சு எழுதின கை அது.”

“கேட்டுக் கேட்டு எழுதின கை” என்றார் ஒற்றர். “கறையா கரையான்னு காதால கேட்டா தெரியாது. கதாநாயகி சேலையைத் துவைச்சுட்டு வந்து படகுல ஏறுறா. ‘தெரியவில்லை’ங்கற வரைக்கும் கேட்டவர், சேலையில பட்ட கறைன்னு நினைச்சு எழுதிட்டார். அடுத்த வரியில ‘சுற்றிலும் தண்ணீர்’னு வந்ததும்தான் திருத்தினார். கதையை நினைச்சவங்களுக்கு எந்தக் கரைன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்குமே?”

“ஒரு எழுத்தை வச்சு…”

“அடிச்ச வரியையும் படிங்க. அந்தப் படகுல அவ தனியா இருக்கா. ‘எதுல விட்டேன்’னு யார்கிட்ட கேட்பா? கதை சொல்லிக்கிட்டே நடுவுல எழுந்து போனவங்க கேக்கற கேள்வி அது. அதையும் சேர்த்து எழுதிட்டு, அப்புறம் அடிச்சிருக்கார் மனுஷன்.”

மருமகளுக்குப் பொறுக்கவில்லை. “அப்போ தூங்கினது யாரு மாமா?”

ஒற்றர் மகளைப் பார்த்தார். “நாவல் வயசுதானேம்மா உனக்கும்? கைக்குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு பேனாவைப் பிடிக்க முடியுமா? அம்மா சொல்லச் சொல்ல அப்பா எழுதியிருக்கார்.”

மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

விமர்சகர் நோட்டை இழுத்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். பிறகு தன் முன்னுரையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “ரெண்டு நாள் குடுங்க. மத்ததையும் ஒரு தடவை படிச்சுட்டு எழுதறேன்.”

நாவலாசிரியை நீளமாக மூச்சுவிட்டார். “மூணு வாரமா அவர் படத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசுச்சு. கட்டின மனுஷன் எழுதினதைத் திருடிட்டு, அதை மறந்தும் போயிட்டேனோன்னு பயந்துட்டேன்.”

நோட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பிரித்தார். இரண்டு பக்கம் தாண்டியதும் முகம் தெளிந்தது. நாலாவது பக்கத்தில் சிரித்தே விட்டார்.

“கடைசியில அவ யாரைக் கட்டிக்கிறா தெரியுமா?” என்று மருமகள் ஆவலாக ஆரம்பித்தாள்.

“சொல்லாதே!” என்று கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, நாவலாசிரியை அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.