பழைய நடை

வாசல் தரை அலறியது. பிரிட்டோ வைத்த காலை எடுக்காமல் நின்றான். ஓடுகள் சிவந்தன. முன்னும் பின்னும் தடுப்புக் கம்பிகள் எழும்பின.

"அந்நியர்" என்றது தரை.

இரண்டு மாதம் கடல் காற்றாலையில் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பியவன் அவன். தூத்துக்குடித் துறைமுகக் குடியிருப்பில் சாவியும் கிடையாது, அட்டையும் கிடையாது. முகத்தையே போலி செய்துவிடுகிற காலத்தில் நடைதான் அடையாளம். ஒவ்வொருவரின் நடைமுத்திரையும் தரைக்கு மனப்பாடம். அன்றாடச் சிறு மாற்றத்தை அது பொறுத்துக்கொள்ளும். ஒரேயடியாக மாறினால் பொறுக்காது.

காவலர் பேச்சிமுத்து கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தார். "நீங்கதான்னு எனக்குத் தெரியுது அண்ணாச்சி. தரைக்குத் தெரியணும்லா?"

ரோந்து வண்டி கிளம்பிவிட்டதாம். அது வருவதற்குள் பழையபடி நடந்துவிட்டால் கதவு திறக்குமாம். முழங்கால் அறுவை செய்துகொண்டு வந்த மூன்றாம் மாடி ஆசிரியரை அந்த வண்டிதான் ஏற்றிப் போனது. அடையாளமற்றோர் முகாமிலிருந்து அவர் இன்னும் திரும்பவில்லை. புது நடையைப் பதிந்துகொள்ளலாம். ஆனால் அதற்கும் பழைய நடையில்தான் உள்ளே வர வேண்டும்.

பிரிட்டோவுக்கு வியர்த்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினாலே ஆணி ஏறுவது போன்ற குதிகால் வலி, வருடக்கணக்காக. ஊசியும் மாத்திரையும் பலிக்கவில்லை. பாத மருத்துவர் ஜெசிந்தாதான் காரணத்தைப் பிடித்தாள். கெண்டைக்கால் தசை இறுகி உள்ளங்கால் நாரை இழுக்கிறது. வலிக்கிற இடம் வேறு, கோளாறு வேறு. வைத்தியத்துக்குப் போன இடத்திலேயே அவளோடு கல்யாணமும் கூடிவந்தது. கடலுக்குப் புறப்பட்டபோது தசையை நீட்டும் பயிற்சிகளைச் சொல்லி, செருப்புக்குள் வைக்க மெத்தையும் கொடுத்தனுப்பினாள். வலி போயிற்று. கூடவே நொண்டலும்.

நொண்டிப் பார்த்தான். "நடிப்பு" என்றது தரை. வலி உள்ள உடம்பு, கால் தரையைத் தொடும் முன்பே சுருங்கிக்கொள்ளும். அதை நடித்துக் காட்ட முடியாது.

தொலைவில் சைரன் கேட்டது.

ஜெசிந்தா படியிறங்கி ஓடி வந்தாள். "நெசமாவே வலிச்சி நொண்டினா தரை திறக்கும்லா?" என்று பேச்சிமுத்துவிடம் கேட்டாள், அவர் தலையாட்டினார். கம்பிக்கு உட்புறம் உட்கார்ந்து, இடைவெளி வழியே அவன் வலது காலை இழுத்து மடியில் வைத்தாள். மாலைதோறும் அவன் பாதத்தை உருட்டிவிட்ட வேப்பமர உருளை கையில் இருந்தது.

"இப்பப் போய் என்ன வைத்தியம்?" என்றான்.

அவள் கட்டைவிரல் குதிகாலில் ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது. பேச்சிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்த இடம் எனக்கு மட்டுந்தான தெரியும்," என்றாள் ஜெசிந்தா, நிமிராமலே. "பல்லக் கடிச்சிக்கிடுங்க."