இரண்டாம் அறையில் என் பெடல்

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

மழைக்குப் பயந்து அரை மணி முன்னதாகவே வந்துவிட்டவள், ஒத்திகைக் கூடத்தின் நடையில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் எண் அறைக்குள்ளிருந்து கிடார் உறுமியது. கரகரவென்று, தொண்டை கட்டிய சிங்கம் போல... காலால் அமுக்கினால் கிடாரை இப்படி உறும வைக்கும் அவளுடைய டிஸ்டார்ஷன் பெடல்! இரண்டு மாதத்துக்கு முன் காணாமல் போனது!

தட்டாமலே கதவைத் திறந்தாள்.

டிஜிட்டல் ஆம்பு என்கிற ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்த ஒருவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். நனைந்த சட்டை. கண்ணாடிக்குப் பின்னால் பெரிய, சாதுவான கண்கள்... திருடனுக்கு எதற்கு இவ்வளவு அழகான கண்கள் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதையே அவள் சந்தேகப்பட்டாள்.

சந்தேகம்தான் அவள் பிழைப்பு. வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து மனுக்களைச் சரிபார்க்கிறவள். 'நான் சும்மாதான் நின்னேன், மரம்தான் வந்து இடிச்சுது' என்கிற ரகக் கதைகளை நாள் முழுக்கப் படிக்கிறவள். வீட்டில் அண்ணன் வைத்த பெயர், இன்ஸ்பெக்டர்.

"இந்தப் பெடல் யாரோடது?"

"எ... என்னோடது இல்லைங்க."

"அது எனக்கே தெரியும். மூலையில இருக்கிற நகப்பாலிஷ் புள்ளி நான் வச்சது. எங்க எடுத்தீங்க?"

"எடுக்கல. ரிப்பேருக்கு வந்துச்சு. காது கேக்குற மெஷின் சரி பண்றது என் வேலை. இந்த மாதிரி பெட்டியும் பாப்பேன்."

"யாரு கொண்டுவந்து கொடுத்தா?"

அவன் தரையைப் பார்த்தான். "சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"ஓ... வாக்கு தவறாத திருடனா நீங்க? கொடுத்தது எங்க பேண்டு கீபோர்டுக்காரர்தானே?"

"ஐயோ, அவர் இல்ல!"

பதில் சட்டென்று வந்தது. யோசித்துச் சொல்லும் பொய்யின் வாடையே அதில் இல்லை. பெடல் காணாமல் போன நாளில், 'நீங்கதானே கடைசியா ரூமைப் பூட்டினீங்க?' என்று அந்த மனிதரை எல்லோர் முன்னிலையிலும் கேட்டவள் அவள்தான். அவர் கீபோர்டை உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு போனவர்தான், பிறகு ஒத்திகைக்கே வரவில்லை. அவர் இல்லையென்றால்...?

அந்த நினைப்பைத் தள்ள வேறு எதன் மீதாவது பாய வேண்டியிருந்தது. ஆம்பின் முதுகில் செருகியிருந்த வயர் கண்ணில் பட்டது.

"எதுக்குப் பின்னாடி சொருகி வச்சிருக்கீங்க? கிடார், பெடல், அப்புறம் ஆம்பு முன்பக்கம். அதானே முறை?"

பயந்து நின்றவனுக்கு இப்போது குரல் வந்துவிட்டது. "பழைய ஆம்புக்கு அது சரி. இது உள்ள முழுக்கக் கம்ப்யூட்டர். தானே ஒரு ஆம்பு மாதிரி நடிக்குது. முன்னாடி சொருகினா, உங்க பெடலோட கரகரப்பை அது தன் கையால இன்னொரு தடவை அரைச்சு வெளிய விடும். அதான் ஈ மொய்க்கிற மாதிரி ஒரு சத்தம் கேக்கும்."

கேட்டதுண்டு. நாலு வருடமாகக் கேட்கிறாள். ஒப்புக்கொள்வாளா என்ன?

"பின்னாடி எஃபெக்ட்ஸ் லூப்னு ரெண்டு ஓட்டை இருக்குல்ல? ஒண்ணு வெளிய அனுப்புறது, இன்னொண்ணு திரும்ப வாங்கிக்கிறது. பெடலை நேரா அந்த ரிட்டர்ன்ல கொடுத்து, மெனுவுல லூப்பை ஆன் பண்ணிட்டா, ஆம்பு தன் நடிப்பை விட்டுடும். சத்தமா பேசுற வேலை மட்டும்தான் அதுக்கு. பெடல் லெவலை மட்டும் முதல்ல குறைச்சு வச்சுக்கணும், இல்லைன்னா காது போயிடும்."

"அப்ப நாலு வருஷமா நான் தப்பா வாசிச்சேனா?"

"தப்புன்னு சொல்லல... வாசிச்சுப் பாருங்களேன்."

முறைத்துக்கொண்டே கிடாரை வாங்கினாள். கம்பிகளைச் சேர்த்து ஒரு கார்டைத் தட்டினாள்.

ஈக்கள் இல்லை. கம்பி கம்பியாகப் பிரிந்து, கனமாக, வெளிச்சமாக எழுந்தது ஒலி... ஜன்னலில் மழை, காதில் அந்த உறுமல், எதிரே மூச்சைப் பிடித்து அவள் முகத்தையே பார்க்கும் இரண்டு கண்கள். அவள் அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கதவு திறந்தது. டிரம்ஸ் குச்சிகளோடு அண்ணன். பெடலைப் பார்த்தான். அந்தக் கண்ணாடிக்காரனைப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"யாரு இவரு?" என்றான் அண்ணன்.

கண்ணாடிக்காரன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பித்தான்.

"பெடலை எடுத்தவரு," என்றாள் அவள்.

"சரி, கிடைச்சிருச்சுல்ல, விடு. சுவிட்ச்கூடப் புதுசா போட்டிருக்காரே..."

அவள் மெல்லத் திரும்பினாள். "சுவிட்ச் மாத்தினது, அதுவும் இவர் மாத்தினது, உனக்கு எப்படித் தெரியும்ண்ணா?"

அண்ணன் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"ஸ்டாண்டு சாஞ்சு அது மேல விழுந்துடுச்சு. உனக்குத் தெரியாம சரி பண்ணி வச்சிடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள நீ கீபோர்டுக்காரரைக் கேட்டுட்ட... அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல."

அவனை நாலு அறை அறையலாம் போலிருந்தது. ஆனால் கீபோர்டுக்காரரை விரட்டிய வார்த்தை அவளுடையது அல்லவா?

அன்றே இருவரும் நனைந்துகொண்டு அவர் வேலை செய்யும் அச்சகத்துக்குப் போனார்கள். அவள் மன்னிப்புக் கேட்டாள். அவர் கையிலிருந்த மையைத் துணியில் துடைத்தபடி சொன்னார்: "சந்தேகப்பட்டது பரவாயில்லம்மா. என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

மூன்றாவது சனிக்கிழமை, கீபோர்டோடு வந்து உட்கார்ந்தார்.

கண்ணாடிக்காரனும் எல்லா சனிக்கிழமையும் வந்தான். 'சுவிட்ச் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போறேன்' என்பான். சுவிட்சுக்கு ஒரு குறையும் இல்லை. அப்படி ஒரு நாள் ஒத்திகை முடிந்து மற்றவர்கள் சாமான்களைக் கீழே இறக்கப் போனதும், அவள் கதவருகே வந்து வழியை மறித்துக்கொண்டாள்.

"ஒரு சுவிட்ச் மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"கால் மணி நேரம்."

"ரெண்டு மாசம் வச்சிருந்தீங்களே?"

"தங்கச்சிகிட்ட உண்மையைச் சொல்லிட்டு வாங்க, தரேன்னு உங்க அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் வரவே இல்ல."

"உங்க கடையில ஆம்பு இல்லையா?"

"...இருக்கு."

"அப்புறம் எதுக்கு அன்னிக்கு இந்த ரூமை வாடகைக்கு எடுத்தீங்க? அதுவும் நாங்க வர்ற கிழமையில?"

அவன் காது மடல் சிவந்தது. "மூடியைக் கழட்டினப்ப உள்ள ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு. 'திறந்தது யாருன்னு எனக்குத் தெரிஞ்சிடும்'னு எழுதியிருந்துச்சு."

என்றைக்கோ எழுதி ஒட்டியது! அவள் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தாள்.

"சிரிச்சு முடிக்கவே ரொம்ப நேரம் ஆச்சு. பெட்டிக்குள்ளயும் காவல் போட்டவங்களை ஒரு தடவை பாக்கணும்னு தோணுச்சு. அன்னிக்குச் சத்தமா வச்சதும், நீங்க கேக்கணும்னுதான்."

"வாக்குக் கொடுத்ததா சொன்னீங்க?"

"சொல்ல மாட்டேன்னுதான் வாக்கு. காதுல விழுந்தா நான் என்ன பண்றது?"

"அப்ப அது தற்செயல் இல்ல..."

"இல்ல. அதுக்கப்புறம் வந்த ஒரு சனிக்கிழமையும் தற்செயல் இல்ல. உங்களைப் பிடிச்சிருக்கு. இதை நீங்க கேக்கல, நானாத்தான் சொல்றேன்."

அவள் அவன் கண்களை உற்றுப் பார்த்தாள். பழக்கதோஷம்... எங்கேயாவது உதைக்கிறதா என்று தேடினாள். எங்கேயும் உதைக்கவில்லை. அவளுடைய நெஞ்சுதான் தடதடத்துக்கொண்டிருந்தது.

"நம்புறேன்," என்றாள். யாரிடமும் அவ்வளவு எளிதில் சொல்லாத வார்த்தை. சொன்னதும் உடம்பே லேசானது போலிருந்தது.

"அவ்வளவுதானா?"

"எனக்கும் பிடிச்சிருக்கு... அன்னிக்கு என்கிட்ட திருட்டுப் பட்டம் வாங்கிக்கிட்டும் எங்க அண்ணனைக் காட்டிக் கொடுக்காம நின்னீங்களே... அப்பவே."