நிலைக்கு மேலே ஓர் எண்

1994 வைகாசி, ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் குமரகுருபரன் கடைசிக் கம்பியைப் பற்றவைத்து முடித்தான். உருகிய ஈயத்தின் வாடையும் பிசின் கருகிய வாடையும் அறையில் நின்றன. சன்னல் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது.

தச்சநல்லூர் வீட்டின் பின்னறை. அவன் தம்பி கார்த்திகேசன் ரேடியோ, அலாரம் என்று எதையாவது செய்துகொண்டிருந்த இடம். போன ஐப்பசியில், மழை பெய்த ஒரு நாள், அந்த மேசையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தான். அண்ணன் அழவில்லை. இன்றுவரை அழவில்லை.

தம்பி பாதியில் விட்டுப்போனது ஆள் எண்ணும் கருவி. அந்த அறை வாசல் நிலையின் ஒரு பக்கம் இரண்டு சிறு பல்புகள். எதிரே, வெளிச்சத்தை உணரும் இரண்டு கண்கள். ஓர் ஆள் உள்ளே போனால் ஒன்று கூடும். வெளியே வந்தால் ஒன்று குறையும். எண் நிலைக்கு மேலே, கூடத்துப் பக்கம், சிவப்பாக எரியும்.

குமரகுருபரன் பள்ளியில் இயற்பியல் ஆசிரியன். மிச்ச வேலை அவனுக்குக் கடினமாக இல்லை. மனைவி மதுமதிக்காகத்தான் அதை முடித்தான். அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு ஆகிவிட்டது. சாயங்காலம் அவள் அப்பா வந்து பத்தமடைக்கு அழைத்துப்போவார்.

தம்பி போன பிறகு, ஆளில்லாத பின்னறையில் ஸ்டூல் இழுபடும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டுவந்தது.

"அந்த ரூம்ல ஆளு இருக்கு. அது போனாத்தான் பிள்ளையத் தூக்கிட்டு இந்த வீட்டுக்கு வருவேன்," என்று சொல்லியிருந்தாள். சண்டை போடவில்லை. அந்தப் பக்கம் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

அவன் கூடத்துக்கு வந்து சுவிட்சைப் போட்டான். 0. அவளைக் கூப்பிட்டான். வளையல் சத்தம் முன்னால் வந்தது.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் படம் காட்டுத மாதிரி எனக்கும் காட்டுதியளாக்கும்?"

"பாரு."

உள்ளே போனான். 1. வெளியே வந்தான். 0.

"உள்ள யாரும் இல்ல."

"இது வாசலைத் தாண்டுதவங்களத்தான எண்ணும்?" என்றாள். "முன்னாலயே உள்ள இருந்தா?"

அவன் நிமிர்ந்து எண்ணைப் பார்த்தான். தெருவில் ஒரு சைக்கிள் போனது. பிசின் வாடை மறுபடி எழுந்தது. சால்டரிங் இரும்பு ஆறி வெகுநேரம் ஆகியிருந்தது.

எண் மாறியது.

9.

"ஒம்போது பேரா?" என்றாள் அவள்.

"இல்ல. ஒத்த எண்ணுக்குத்தான் இதுல இடம். பூஜ்யத்துல ஒண்ணு குறைஞ்சா ஒம்போதுதான் வரும்."

"குறைஞ்சதுன்னா?"

"ஒரு ஆள் வெளிய வந்தாச்சு."

உள்ளே போகாத ஓர் ஆள்.

பல்புகளைப் பார்த்தான். இரண்டும் எரிந்தன. கம்பிகளைத் தொட்டு இழுத்துப் பார்த்தான். எதுவும் கழன்றிருக்கவில்லை. பயம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"அப்ப ரூம் காலியா?"

"காலி."

வாடை இப்போது கூடத்தில் இருந்தது. அவளுக்கு மிகப் பக்கத்தில். அதை அவன் சொல்லவில்லை.

"போயிருச்சு," என்றாள் மதுமதி, தனக்குத்தானே. ஐப்பசிக்குப் பிறகு அவள் முகம் அன்றுதான் தளர்ந்தது. "நான் ஒருக்கப் போய்ப் பாக்கட்டா?"

அவன் எண்ணை அழிக்கும் பொத்தானை அழுத்தினான். 0.

"பைய போ. படி தடுக்கும்."

வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள்.

1.

அவன் மூச்சு விட்டான்.

2.

அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

உள்ளே சன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. அதோடு ஸ்டூல் இழுபடும் சத்தம். இந்த முறை அவனுக்கும் கேட்டது. பிறகு அவள் குரல், மாதக்கணக்கில் இல்லாத தெம்போடு.

"தொட்டில இங்கனயே கட்டிருவோம். என்னங்க, எத்தன காட்டுது?"